குழாய்க்குள் போன ஈட்டி

நாற்பது வயதுக்கு மேல் ஈட்டி எறியக் கிளம்பியவளைக் கேலி செய்யாதவர்கள் கொச்சி மட்டாஞ்சேரியில் கம்மி. அந்தக் கம்மியில் முதல் ஆள் என் அண்ணன். அவனுக்குத் தண்ணீர்க் குழாய் பதிக்கிற வேலை. மூத்தோர் தடகளப் போட்டிக்கு வடக்கே விமானத்தில் போகப்போகிறேன் என்றதும், ஈட்டி எப்படிப் போகும் என்றுதான் முதலில் கேட்டான்.

நியாயமான கேள்வி. ஏழேகால் அடி நீளம். விமானத்தில் யார் பெட்டி அதன் மேல் விழும் என்று சொல்ல முடியாது. லேசாக வளைந்தாலே போதும், காற்றில் தள்ளாடும். ஆறு வருடமாக என் கைக்குப் பழகிய ஈட்டி. இன்னொன்று வாங்க வழியில்லை.

கனமான பி.வி.சி. குழாய் ஒன்றை அளந்து அறுத்துக்கொண்டு வந்தான். ஈட்டிக்கு மூன்று இடத்தில் ஸ்பாஞ்ச் சுற்றினான். குழாயின் இரு முனையிலும் நாலு விரல் கனத்துக்கு அதையே அடைத்தான். பிறகு குழாயைக் காதோடு வைத்துக் குலுக்கினான். ஏதோ சின்னச் சத்தம். அத்தனையையும் உருவி மறுபடி அடைத்தான். மூன்றாம் தடவைதான் அவன் முகம் தெளிந்தது, இரு முனைக்கும் மூடி போட்டான். நான் என் தோளைக்கூட இவ்வளவு பக்குவமாகப் பார்த்துக்கொண்டதில்லை.

"ஒரு துள்ளி வெள்ளங்கூட உள்ள கேறாது, நோக்கிக்கோ," என்றான்.

உண்மைதான், சொட்டுத் தண்ணீர் புக வழியில்லை. விமான நிலையத்தில், இவ்வளவு நீளம் சோதனை இயந்திரத்துக்குள் போகாது, திறந்து காட்டுங்கள் என்றார் பாதுகாப்பு அதிகாரி. மூடியைத் திருகினேன், அசையவில்லை. அவரும் திருகிப் பார்த்தார். அப்போதுதான் உறைத்தது. இருபது வருடக் கைப்பழக்கத்தில், தண்ணீர் ஒழுகாமலிருக்கப் போடுகிற பசையைப் போட்டு இரண்டு மூடியையும் ஒட்டிவிட்டிருக்கிறான்!

என்னை ஆட்டோவில் கொண்டுவந்து விட்டுவிட்டு வெளியே நின்ற அண்ணனைப் போனில் அழைத்தேன்.

"தொறக்கணுமா? அத எதுக்கு தொறக்கணும்?" என்றான் நிஜமான ஆச்சரியத்தோடு.

வாய்க்கு வந்தபடி திட்டினேன். சாமான்களை ஒப்படைக்கும் கவுன்டர் மூட இருபத்தைந்து நிமிடம்தான் இருந்தது. வாசல் காவலரிடம் கெஞ்சிக் குழாயோடு வெளியே வந்தேன். அதற்குள் அவன் ஆட்டோவிலிருந்து கருவிப் பையை எடுத்துவைத்திருந்தான். என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை. மூடியிலிருந்து விரல் வைத்து அளந்தான்.

"உள்ள நாலு வெரல் ஸ்பாஞ்ச் இருக்கு. பிளேடு அதுக்கு அங்கிட்டு போகாது. நீ பேடிக்காத."

குழாயை மெல்ல உருட்டி உருட்டிச் சுற்றிலும் அறுத்தான். கண்ணாடி அறுப்பவன்கூட அவ்வளவு நிதானமாக அறுக்க மாட்டான். நெற்றி வியர்வை கண்ணில் வழிந்தும் துடைக்கவில்லை. மூடி கழன்று கையில் வந்தது. ஸ்பாஞ்சில் ஒரு கீறல், ஈட்டியில் ஒன்றுமில்லை. ஒழுகும் குழாயில் சுற்றுவதற்காகப் பையிலேயே வைத்திருக்கும் சைக்கிள் டியூப் பட்டையை எடுத்து, அறுத்த இடத்தில் மூடியை வைத்து இறுக்கிச் சுற்றினான்.

"இனி தொறக்கலாம், அடைக்கலாம். ஓடு," என்றான். என் அண்ணன் மாதிரி ஒரு கைகாரன் கொச்சியில் இல்லை என்று அந்த நிமிடம் தோன்றியது. இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

போய் இறங்கி அறைக்குள் நுழைந்ததும் அவனிடமிருந்து போன்.

"நேரா இருக்கா?"

"இன்னும் பிரிக்கலண்ணா."

"பிரி. தரையில உருட்டிப் பாரு. நான் அறுத்ததுல ஏதாவது பட்டிருக்கும்." வழியெல்லாம் நான் திட்டியதை நினைத்துக்கொண்டே வீடு திரும்பியிருப்பான். எனக்கு வெட்கமாக இருந்தது.

ஈட்டியைத் தரையில் வைத்துத் தள்ளினேன். துளியும் ஆடாமல் சுவர்வரை உருண்டு போய் நின்றது. அதை வீடியோ எடுத்து அனுப்பினேன்.

போட்டியில் நான்காவதாக வந்தேன். எறிந்த வீடியோவையும் அவனுக்கு அனுப்பினேன். ஊர் திரும்பியபோது சாயாக் கடைக்காரர் உட்பட நாலைந்து பேர் நிறுத்தி விசாரித்தார்கள். நான் எறிந்ததை ஒருவரும் பார்த்திருக்கவில்லை. ஈட்டி தரையில் உருண்டதை, அண்ணன் காட்டி, எல்லோரும் பார்த்திருந்தார்கள்.