நாலாவது ஆள்

எங்கள் வீட்டில் மூன்று பேராகப் பயணம் கிளம்ப மாட்டோம். பையில் ஒரு சிறு கல்லைப் போட்டுக்கொண்டால் நாலு பேர் என்று ஆகிவிடும். ஐரோப்பா போனபோதும் என் மனைவி அபிராமபுரம் வீட்டு வாசலில் கிடந்த கூழாங்கல்லைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

“அதுக்கும் விசா எடுத்தியா?” என்றேன். மகள்கூடச் சிரிக்கவில்லை.

எனக்கு இதையெல்லாம் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும். வியன்னாவில் பிராக் போகும் ரயிலுக்காக நின்றபோது, இருவரும் கைப்பையை என்னிடம் விட்டுவிட்டுக் காபி வாங்கப் போன நேரம் பார்த்து, கல்லை எடுத்துத் தண்டவாளத்து ஜல்லியில் வீசிவிட்டேன்.

வண்டியில் நல்ல கூட்டம். எங்கள் மேசையைச் சுற்றி நாலு இருக்கைகள். மகளுக்குப் பக்கத்து இருக்கை காலி. வந்தவர்கள் ஒவ்வொருவரும் அதைக் குனிந்து பார்த்து, மன்னிப்புக் கேட்பதுபோல் தலையசைத்துவிட்டு நகர்ந்தார்கள். ஒரு கிழவியிடம் “காலிதான், உட்காருங்கள்” என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் இருக்கையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிராக் வரை நின்றுகொண்டே வந்தாள். டிக்கெட் பரிசோதகர் எங்கள் மூன்று டிக்கெட்டையும் பார்த்த பிறகும், அந்த இருக்கையை நோக்கிக் கையை நீட்டியபடி சற்று நேரம் நின்றார்.

ஊர் திரும்பிய காலையில் விமான நிலையத்தில் டாக்சி பிடித்தோம். மூவரும் பின்னால் ஏறிக்கொண்டோம். ஓட்டுநர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார்.

“இன்னா சார், நாலு பேரும் பின்னாடியே இடிச்சிக்கினு கீறீங்க? ஒருத்தர் முன்னாடி வந்து குந்துங்க.”

என் மனைவி என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

“கல்ல எங்க போட்டீங்க?”