கொற்கைக்குப் போன பச்சைச் சட்டை

நடைப்பயிற்சியை நான் படுத்துக்கொண்டுதான் செய்தேன். ஆங்கிலேயர்கள் தங்கள் நாட்டு நெடும்பாதைகளில் நடந்ததைப் பற்றி எழுதிய புத்தகங்கள் மூன்றை, மின்விசிறிக்கு அடியில், தலையணையை இரண்டாக மடித்து வைத்துப் படித்தேன். மூன்றாவதை முடித்தபோது கெண்டைக்கால் கொஞ்சம் இறுகியிருப்பதாகக்கூடத் தோன்றியது.

காரணம் மகள். வேலை நிமித்தம் இங்கிலாந்தில் இருக்கிறாள். ஒரு வாரம் இருவருமாகப் புல்வெளிகளைக் கடந்து நடக்கலாம், வாருங்கள் என்றாள். மனைவிக்கு நம்பிக்கையில்லை.

"தெருமுனைக் கடைக்கே ஸ்கூட்டர எடுக்குதிய. முதல்ல இங்கன ஒரு நாள் நடந்து காட்டுங்க. எந்த வண்டியிலயும் ஏறக்கூடாது. பொறவு டிக்கெட் போடலாம்."

தூத்துக்குடியிலிருந்து கொற்கை என்று முடிவு செய்தது நான்தான். பாண்டியர்களின் முத்துத் துறைமுகம். கடல் விலகிப் போய், இப்போது வயலும் வாழையுமாகக் கிடக்கிறது. கடலே நடந்துபோன தூரத்தை என்னால் நடக்க முடியாதா என்ன. பஸ்ஸில் வந்து தயிர்சாதத்தோடு அங்கே காத்திருப்பதாக மனைவி சொன்னாள்.

இயற்கையோடு கலந்துவிடும் நிறத்தில் உடுத்தவேண்டும் என்று எங்கோ படித்திருந்ததால் பச்சைச் சட்டை வாங்கினேன். உப்பளங்களுக்கு நடுவே போகும் சாலையில் பச்சை எதனோடும் கலப்பதில்லை. அது ஒரே ஒரு செய்தியைத்தான் சொல்லும்: இந்த ஆள் திருச்செந்தூர் முருகனுக்கு வேண்டிக்கொண்டு பாதயாத்திரை போகிறார். இது எனக்கும் தெரியும், மனைவிக்கும் தெரியும். காலையில் எனக்கு நினைவு வரவில்லை. அவளுக்கு வந்திருக்கும்.

முள்ளக்காடு டீக்கடையில் பெஞ்சைத் துடைத்து உட்காரவைத்தார்கள். கடைக்கார அண்ணாச்சி என் பூட்ஸை வெகுநேரம் பார்த்தார்.

"செருப்பில்லாமல்லா நடப்பாவ?"

"நான் கோயிலுக்குப் போகல அண்ணாச்சி."

"அது சரி. வெளிய சொல்லக்கூடாதுன்னு சில பேரு வேண்டிக்கிடுவாவ" என்று சொல்லி, சன்னதியில் உடைக்கச் சொல்லி ஒரு தேங்காயை என் பையில் போட்டார்.

அடுத்த ஊரில் ஒரு அம்மாள் மருமகளின் பிரசவத்துக்காக இன்னொன்று கொடுத்தாள். பழையகாயலில் மூன்றாவது. ஒவ்வொரு முறையும் மறுத்தேன். ஒவ்வொரு மறுப்பும் என் பக்திக்குச் சான்றாகிவிட்டது. கூடவே மோர் குடிக்கவைத்தார்கள். நான் படித்த புத்தகங்களில், ஒருவர் ஒரு நாள் முழுக்க யாரிடமும் பேசாமல் நடந்து தன்னைக் கண்டுகொள்கிறார். நான் கண்டுகொண்டதெல்லாம், மூன்று தேங்காயும் ஒரு வயிறு மோரும் நடக்கும்போது தனித்தனியாகக் குலுங்கும் என்பதைத்தான்.

மேற்கே கொற்கைச் சாலையில் திரும்பியபோது இரண்டு குதிகாலிலும் கொப்புளம். இன்னும் ஒரு மணி நேரம் நடந்தால் போதும், இங்கிலாந்து என்னுடையது. பின்னால் ஹாரன் கேட்டது. பைக்கில் இருவர்.

"சாமி, வழி மாறிட்டியளே. திருச்செந்தூருக்கு நேரால்லா போவணும்."

"கொற்கைக்குப் போறேன்."

"அங்கன என்ன விசேஷம்?"

"ஒண்ணுமில்ல. சும்மா நடக்கேன்."

ஓட்டியவர் பின்னாலிருந்தவரிடம் திரும்பினார். "ஏலே, சாமிக்கு வெயிலு தலைக்கு ஏறிட்டு."

மற்றவர் இறங்கி என் பையைத் தூக்கிப் பார்த்தார். "சாமிக்குன்னு குடுத்த தேங்காயையும்லா தூக்கிட்டுப் போறிய. பாவமில்லையா?"

விளக்கினேன். மகள், நெடும்பாதை, புல்வெளி. சொல்லச் சொல்ல, பிரமை முற்றிவிட்டது என்ற முடிவுக்கு இருவரும் வந்தார்கள். மூன்று தேங்காயையும் தாங்களே சன்னதியில் உடைத்துவிடுவதாக வாங்கிக்கொண்டார்கள். அந்த வழியே வாழைத்தார் ஏற்றி வந்த லோடு ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தி, இரண்டு பக்கமும் தாங்கி என்னை ஏற்றினார்கள். நான் எதிர்த்தேன். ஆனால் என் கால்கள் இரண்டும் அவர்கள் கட்சிக்குப் போய்விட்டிருந்தன.

கொற்கைக்குச் சற்று முன்னால் இறக்கிவிடச் சொன்னேன். நோயாளியின் பேச்சை டிரைவர் காதில் வாங்கவில்லை. ஊருக்குள் போய், மரநிழலில் தூக்குவாளியோடு உட்கார்ந்திருந்த மனைவிக்கு நேர் எதிரே நிறுத்தினார். தார்களுக்கு நடுவிலிருந்து பின்பக்கமாக இறங்கினேன். வாழைக்கறை சட்டையில் ஏறியிருந்தது.

மனைவி தூக்குவாளியைத் திறந்தாள். தயிர்சாதத்தைக் கையில் கொடுத்துவிட்டு, மகளுக்கு போன் போட்டாள்.

"ஏளா, நீ சொன்ன அந்தப் பாதையில வாழைத்தார் வண்டி ஓடுமான்னு கேட்டுச் சொல்லு. ஓடும்னா அப்பாவை அனுப்புதேன்."