இருதயம்மாளின் அன்னக்கூடை

காசிமேட்டு இறால் ஷெட்டில் இருவருக்கு ஒரு அலுமினிய அன்னக்கூடை, நிறைய ஐஸ் தண்ணீர். எனக்கு ஜோடி இருதயம்மாள். ஏழு வருடம் எதிரெதிரே உட்கார்ந்து உரித்தோம்.

சின்ன வயதிலிருந்தே அவளுக்குக் கட்டி வரும். அக்குளில், கழுத்தில், விரல் இடுக்கில். ஒன்று ஆறினால் இன்னொன்று. கீறி சீழ் எடுத்த தழும்புகளை முந்தானையால் மூடிக்கொள்வாள். வரிசைக்கு மூத்தவள் சொக்கம்மாள் விடமாட்டாள்.

"இன்னாடி, குளிக்கவே மாட்டியா? கலீஜு! உன் சீழு தண்ணில வுழுந்தா மொத்த சரக்கும் பூடும்."

"ரெண்டு வேள குளிக்கிறேன்க்கா."

உண்மைதான். ஷெட்டிலேயே நகத்தை ஒட்ட வெட்டி வருபவள் அவள் ஒருத்திதான்.

2002இல் ஈரலில் சீழ் கட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். துணைக்கு நான் இருந்தேன். அவள் ரத்தத்தில் சாயம் கலந்து பார்த்த டாக்டரம்மா வந்து சொன்னார்.

"நல்ல வெள்ளணுன்னா நீலமா மாறும். உன்னோடது மாறல. கிருமிய முழுங்குது, ஆனா கொல்ல முடியல. பிறவியிலயே அப்படி. அழுக்கால வந்ததில்ல, யாருக்கும் ஒட்டாது."

"அத்த தமிழ்ல எழுதிக் குடுங்கம்மா," என்றாள் இருதயம்மாள். வேறெதுவும் கேட்கவில்லை.

தேறி வந்ததும் அந்தக் காகிதத்தைச் சொக்கம்மாளிடம் நீட்டினாள். சொக்கம்மாள் எழுத்துக்கூட்டிப் படித்தாள். 'எதிர்ப்பு சக்திக் குறைபாடு' என்ற இடத்தில் நின்றாள். எதிர் டீக்கடைச் சுவரில் எய்ட்ஸ் போர்டு இருந்தது. அதிலும் அதே வார்த்தைகள்.

"ஐய, அந்த நோவுடி இது!"

"இல்லக்கா, கீழ படி. ஒட்டாதுன்னு கீது பாரு."

"அந்த போர்டுலயுந்தான் தொட்டா ஒட்டாதுன்னு எழுதிகீறான். யாரு நம்புனா?" பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீதான கூட இருந்த? இன்னா சொன்னாங்க, சொல்லு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். டாக்டரம்மா சொன்னது ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு நினைவிருந்தது. கையிலிருந்த இறாலை உரித்தேன். அடுத்ததையும் எடுத்து உரித்தேன். இருதயம்மாள் காகிதத்தை வாங்கி மடித்துக்கொண்டாள்.

மறுநாள் கதவோரம் புது அன்னக்கூடை ஒன்று இருந்தது.

தினமும் மாத்திரை போடுகிறாள். இரண்டு வருடமாகக் கட்டி வரவில்லை. இன்னும் கதவோரத்தில்தான் உரிக்கிறாள். அவளுக்கு எதிரே ஆள் கிடையாது. எனக்கு எதிரே சொக்கம்மாள் உட்கார்ந்திருக்கிறாள்.