கரடிக்குள் ஒரு வானொலி

அந்தப் பள்ளியின் தையல்காரம்மாவுக்கு வானொலி என்று பெயர். பேட்டரி தீராத வானொலி. வேலை மாற்றலாகி வெளிநாடுகளிலிருந்து வந்த குடும்பங்களுக்காக, அமெரிக்கப் பாடமுறையில் நடக்கும் பள்ளி அது. ஐந்து வயதுப் பிள்ளை மழலையர் வகுப்பை முடித்தாலும் பட்டமளிப்பு அங்கி போட்டுவிடுவார்கள். அந்த அங்கிகளுக்கு ஓரம் அடிப்பதும் நாடக உடைகளைப் பிரித்துத் தைப்பதும் மாடிப்படிக்கு அடியில் இருந்த அவருடைய அறையில்தான். அளவு கொடுக்க வரும் பிள்ளைக்கு மொழி புரிகிறதோ இல்லையோ, இடுப்பளவு முடிந்து தோளளவு எடுப்பதற்குள் வீட்டுக் கதையில் பாதியைச் சொல்லிவிடுவார்.

இப்படிப்பட்ட பள்ளிகளில் விளையாட்டு அணிக்கென்று ஒரு விலங்கு உண்டு. இங்கே கரடி. ஒருவர் கரடி உடைக்குள் புகுந்து மைதான ஓரத்தில் ஆட வேண்டும். கரடி பேசக் கூடாது. பிள்ளைகள் கண்ணெதிரே தலையைக் கழற்றக் கூடாது. உள்ளே இருப்பது யார் என்று வீட்டில்கூடச் சொல்லக் கூடாது. முந்தைய கரடி, கோல் தவறிய ஆத்திரத்தில் வாய்விட்டுத் திட்டிவிட்டது. சின்ன வகுப்பே அழுதது. அன்றோடு அவர் பதவி போயிற்று.

கிழிந்த உடையைத் தைத்து, சரியாக வந்திருக்கிறதா என்று தானே மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் ஆடிப்பார்த்த தையல்காரம்மா, விளையாட்டு ஆசிரியர் கண்ணில் பட்டார்.

“உங்களால பேசாம இருக்க முடியுமா?” என்று கேட்டார் ஆசிரியர். முடியும் என்பதைத் தையல்காரம்மா வெகுநேரம் விளக்கிச் சொன்னார்.

ஆடத் தொடங்கியபின் அந்த வேலையை விட அவருக்கு மனமில்லை. உடை கிழிந்தால் மட்டும் தன்னைத் தேடி வந்த பிள்ளைகள், இப்போது ஓடிவந்து கட்டிக்கொண்டார்கள். ஒரு வார்த்தை வாயிலிருந்து விழுந்தால் எல்லாம் போய்விடும்.

பள்ளிப் பேருந்தை ஓட்டுபவர் அவருடைய கணவர்தான். போட்டி நாட்களில் மனைவி தையல் அறையில் இருப்பதாகவே அவர் நினைத்திருந்தார்.

ஒருமுறை வேறொரு பள்ளியில் போட்டி. இடைவேளையில் மூச்சு வாங்கக் கரடி பேருந்தில் ஏறி உட்கார்ந்தது. ஜன்னலுக்கு வெளியே சின்னப் பிள்ளைகள் ஆரஞ்சு தின்றுகொண்டிருந்ததால் தலையைக் கழற்ற வழியில்லை. ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார்.

“தம்பி, உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?”

கரடி தலையாட்டியது.

“அப்ப சொன்னா உனக்குப் புரியும்.”

மனைவியின் பேச்சைப் பற்றி அவர் ஆரம்பித்தார். கரடிக்குள் வேர்வை ஆறாக ஓடியது. கடைசியில் விஷயத்துக்கு வந்தார். கணவரை இழந்து தனியாக இருக்கும் தன் அக்காவை இங்கேயே வந்துவிடச் சொல்லிவிட்டாராம். மனைவிக்கு இன்னும் தெரியாதாம். வரட்டுமா, வேண்டாமா?

கல்யாணத்தன்று, தையல்காரம்மா தனக்குத் தானே தைத்துக்கொண்ட ரவிக்கையில் ஒரு கை ஏற்றம், ஒரு கை இறக்கம் என்று சபையில் சொன்ன நாத்தனார் அவர். கரடியின் தலை இடமும் வலமுமாகப் பலமாக ஆடியது.

“நானும் அதுக்குத்தான் பயந்தேன்,” என்று ஓட்டுநர் பெருமூச்சு விட்டார். “அக்கா வீட்ல பேச்சுச் சத்தமே இல்லப்பா. சாப்பிட்டியான்னு கேக்க ஆளில்ல. எங்க வீட்டுக்காரி பேச்சக் கேட்டா மனசு தேறிடும்னு நெனச்சேன். ஒரு நாள் அவ வீட்ல இல்லன்னா எனக்கே சோறு எறங்காது. இத அவகிட்ட சொல்லலாம்னு வாயத் தொறந்தா, அதுக்குள்ள அவ ஆரம்பிச்சிடுவா.” கைபேசியை எடுத்தார். “சரி, அக்காவ வர வேணாம்னு சொல்லிடறேன்.”

தையல்காரம்மாவின் தொண்டை வரைக்கும் வார்த்தை வந்துவிட்டது. வெளியே பிள்ளைகள். கரடி பாய்ந்து கைபேசியைப் பிடுங்கியது. பஞ்சு அடைத்த விரல்களில் அது நிற்காமல் இருக்கையில் விழ, அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டது. பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை அழுத்திக் கைதட்டினார்கள். கரடி தலையை மேலும் கீழும் ஆட்டோ ஆட்டென்று ஆட்டியது.

“இப்பத்தானே நீ வேணாம்னே?”

கரடி இரண்டு கைகளையும் குவித்துக் கும்பிட்டது.

“நீ கரடியா, கட்சிக்காரனா?” என்றார் ஓட்டுநர்.

அன்று மாலை வீட்டில், தொண்டையைச் செருமிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். மனைவி குறுக்கே ஒரு சொல் பேசவில்லை. பயந்துபோய், காய்ச்சலோ என்று மனைவியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

“வரட்டுங்க,” என்றார் தையல்காரம்மா. “ஆனா என் தையலப் பத்தி மூச்சு விடக் கூடாது.” அதற்குப் பின் தூங்கும்வரை நிறுத்தவில்லை.

நாத்தனார் வந்தார். கொஞ்ச நாள் சும்மா கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அவருக்கும் பேச்சு வந்துவிட்டது. இப்போது ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் எடுத்துக்கொள்கிறார்.

போட்டி இல்லாத நாட்களிலும் ஓட்டுநர் விளையாட்டு ஆசிரியரிடம் போய் நிற்கிறார்.

“சார், அந்தக் கரடித் தம்பி இன்னிக்கு வருவாரா?”