சொல்லிவிட்டு வெடித்த சரவெடி

இன்று காலை ஆயுத பூஜைக்கு எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற கம்பெனியில் சரவெடி வைத்தார்கள். மருந்து வாசனை ஜன்னல் வழியாக வந்ததும் என் வலது கை தானாகப் பக்கத்தில் எதையோ தேடியது. நல்லவேளை, யாரும் பார்க்கவில்லை. வீட்டில் கேட்டால் சொல்ல வெட்கம். உங்களிடம் சொல்லலாம்.

என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருந்தவர். மலைமேல் சண்டைக்குப் போய்த் திரும்பியவர். அங்கே நடந்ததை என்னிடம் சொன்னதே இல்லை. ஆனால் டீக்கடையில்கூடச் சுவரில் முதுகை ஒட்டித்தான் உட்காருவார். குக்கர் விசில் அடித்தால் முகம் வெளுத்துவிடும். அதனால் குக்கரைப் பரணில் ஏற்றிவிட்டேன். "இன்னாக்கா, இன்னுமா சோறு வடிச்சிகினு கீற?" என்று பக்கத்து வீட்டில் கேட்பார்கள். வடித்த சோறுதான் ருசி என்பேன். ருசியும்தான், பொய்யில்லை.

எங்கள் ஊர் வல்லம் வடகாலில் வயல்களை மேடாக்கிக் கம்பெனிகள் எழும்பிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. ஒரகடத்துப் பக்கம் ஒரு கம்பெனியில் அவர் கேட் செக்யூரிட்டி. அங்கேயே எனக்குக் கூட்டித் துடைக்கிற வேலை. அவர் பூட்ஸில் முகம் பார்க்கலாம். லாரி டிரைவர்கள் பீடியை அணைத்துவிட்டுத்தான் கேட்டுக்கு வருவார்கள். நான் துடைப்பத்தோடு தூரத்தில் நின்று அதை ரசிப்பேன். நாலு பேர் முன்னால் அவர் பக்கத்தில் நிற்க எனக்குக் கூச்சம்.

ஒரு ஆயுத பூஜை. பூசணிக்காய் உடைத்தாயிற்று. பட்டாளத்துக்காரருக்கு மரியாதை செய்வதாக நினைத்து சூப்பர்வைசர் ஊதுவத்தியை அவர் கையில் கொடுத்தார். "சார், நீங்கதான் கொளுத்தணும்." அவருக்கு மறுக்கத் தெரியவில்லை. கொளுத்திவிட்டு நாலடி நடந்தார். முதல் வெடி வெடித்ததுதான் தெரியும். பக்கத்தில் நின்ற செல்வி என்கிற லைன் வேலைப் பெண்ணைத் தரையில் தள்ளி, அவள் தலையை இரண்டு கையாலும் மூடிக் கவிழ்ந்துகொண்டார். வெடித்து முடிந்தும் எழவில்லை.

"மிலிட்டரி பட்டாசுக்கே படுத்துச்சு டோய்!" என்று ஒருத்தன் கத்த, எல்லாரும் சிரித்தார்கள். அவர் எழுந்து, விழுந்த தொப்பியைக்கூட எடுக்காமல் கேட்டைத் தாண்டிப் போய்விட்டார்.

செல்வி திருநெல்வேலிப் பக்கம். முழங்கையில் ரத்தத்தோடு நின்று கத்தினாள். "எதுக்குல சிரிக்கிய? வெடிச்சதும் நீங்கல்லாம் உங்க காதத்தான பொத்துனிய! அண்ணாச்சி என் தலைய இல்லா பொத்துனாரு!"

தொப்பியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தார். "இனிமே அந்த கேட்டுக்குப் போவ மாட்டேன்மே. மானம் பூடுச்சு."

அவரிடம் எதிர்த்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. செல்வி சொன்னதை மட்டும் அவள் பேச்சிலேயே சொல்லிக் காட்டினேன். இழுவை சரியாக வரவில்லை போலிருக்கிறது, லேசாகச் சிரித்தார்.

"அந்தப் பொண்ணா சொல்லிச்சு?"

"ஆமாங்க. அடிபட்ட கையோட."

கொஞ்ச நேரத்தில் பூட்ஸ் பாலிஷ் வாசனை வந்தது.

அடுத்த வருடத்திலிருந்து செல்வியே கேட்டுக்கு வந்து சொல்லுவாள், "அண்ணாச்சி, வெடிக்கப் போறோம்." நான் துடைப்பத்தைச் சாய்த்துவிட்டு, அத்தனை பேர் முன்னால் போய் அவர் கையைப் பிடித்துக்கொள்வேன். விரல் நெரிகிற மாதிரி பிடிப்பார். ஆனால் நிற்பார். கடைசி வெடி வரைக்கும் நெஞ்சை நிமிர்த்தி நிற்பார். எனக்குக் கூச்சமே வராது. எல்லாரும் நன்றாகப் பார்க்கட்டும் என்றிருக்கும்.

அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். செல்வியும் கல்யாணமாகி ஊரோடு போய்விட்டாள். அந்த கேட்டில் இப்போது தடுப்புக் கட்டை தானாக எழும்பி இறங்குகிறது. எங்கள் வீட்டில் குக்கர் விசில் அடிக்கிறது. இன்று காலை யாரும் யாரிடமும் சொல்லாமல்தான் வெடித்தார்கள்.