திங்கட்கிழமை இறங்காத முள்

எங்கள் ஆய்வுகூடத்தில் கண்ணாடித் துண்டுகளுக்கு மெல்லிய உலோகப் பூச்சுப் பூசும் இயந்திரம் ஒன்று இருக்கிறது. பூசுவதற்கு முன் அதன் கலத்துக்குள் இருக்கும் காற்றை பம்ப் உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். முன்பெல்லாம் முக்கால் மணித்தியாலத்தில் அழுத்தம் காட்டும் முள் வேண்டிய இடத்துக்கு இறங்கிவிடும். போன மாரி மழைக்காலத்தில் மூன்று மணித்தியாலமாகியும் இறங்காமல் என் உயிரை வாங்கியது.

அதைப் பராமரிக்கிறவன் நான். எனக்குக் கோபம் மூக்கு நுனியில். அப்போது அதைப் பாவித்தவள் தன்னாமுனையில் இருந்து பஸ்ஸில் வரும் ஓர் ஆய்வு மாணவி. மூடியின் ரப்பர் வளையத்தை அவள்தான் கெடுத்து ஓட்டை விழுத்திவிட்டாள் என்று முடிவு கட்டினேன். இனி அவளை இயந்திரத்தைத் தொட விடக்கூடாது என்று துறைத் தலைவருக்குக் கடிதம் எழுதினேன். அது போய்ச் சேர்ந்தால் அவளுடைய பட்டம் அந்தரத்தில் தொங்கும். தெரிந்துதான் எழுதினேன், அவளிடமும் சொன்னேன்.

அவள் அழவில்லை. கடிதத்தை அனுப்புமுன் இரண்டு வாரம் தவணை கேட்டாள். மனமில்லாமல்தான் கொடுத்தேன். ஒவ்வொரு நாளும் பம்பைப் போட்டுவிட்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை முள் நிற்கும் இடத்தைக் கொப்பியில் குறித்தாள். முள் இறங்கியதும் வால்வைப் பூட்டிவிட்டு, அழுத்தம் திரும்ப எப்படி ஏறுகிறது என்றும் பார்த்தாள். இதெல்லாம் நான் செய்திருக்க வேண்டிய வேலை.

கடைசி நாள் வரைபுகளை என் மேசையில் விரித்தாள்.

"ஓட்டை இல்ல சேர். ஓட்டை எண்டா ஒரே சீரா ஏறிக்கிட்டுப் போகும். இது கொஞ்சம் ஏறி, மறுகா நிண்டிரும். உள்சுவர்ல ஈரம் பிடிச்சிருக்கு. திங்கட்கிழமையில மட்டும்தான் இப்படி."

மற்ற நாள்களில் முள் ஒழுங்காகத்தான் இறங்கியிருந்தது. எனக்கு நினைவில் நின்றதெல்லாம் கெட்ட நாள்கள். மற்றப் பின்னேரங்களில் அவள் கலத்தைக் காற்றில்லாமலே பூட்டிவிட்டுப் போவாள். வெள்ளிக்கிழமை அவளுக்கு பஸ் நேரத்தோடு வந்துவிடும். அன்று ஆய்வுகூடத்தைப் பூட்டுவது நான். அடைத்து வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும் என்று, மாரிக்கு வீட்டு அலுமாரியைத் திறந்து விடுவதுபோல, கலத்தைத் திறந்து விட்டுவிட்டுப் போயிருக்கிறேன். இரண்டு நாள் பக்கத்து வாவியின் ஈரக்காற்று முழுக்க அதற்குள் குடியிருந்திருக்கிறது.

வெட்கத்தில் முகம் சுட்டது. வெள்ளிக்கிழமைகளில் திறந்து விட்டது நான்தான் என்று ஒருவழியாகச் சொன்னேன். அவள் வரைபுகளைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"தெரியும் சேர். எங்கட வீட்டிலயும் மாரிக்கு அலுமாரியத் திறந்துதான் விடுற."

அன்றே இயந்திரத்தின் பதிவேட்டில் என் பிழையை என் கையாலேயே எழுதினேன். அந்தக் கடிதத்தைக் கிழிக்கவில்லை. மேசை லாச்சிக்குள் இருக்கிறது. யார்மேலாவது கோபம் வந்தால் முதலில் அதை எடுத்து வாசிக்கிறேன்.