பத்து செக்கனும் முப்பது செக்கனும்

எதற்கும் ஒரு நடைமுறை உண்டு, அதற்கொரு படிவமும் உண்டு என்று நம்பியே உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அந்த நம்பிக்கை ஒரு சனிக்கிழமை பின்னேரம் ஆட்டம் கண்டது.

யுத்த காலம். கொழும்புக் கோட்டையில் ஒரு காப்புறுதி நிறுவனத்தின் தலைமை அலுவலகத்தில் கணினிப் பிரிவு என் பொறுப்பில் இருந்தது. கோட்டை, கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, மறுபடி கோட்டை என்று நான்கு அலுவலகங்களும் வாடகைக் கம்பிகளால் ஒரு வளையமாக இணைந்திருந்தன. ஒவ்வோர் இடத்திலும் ஒரு ரவுட்டர். தகவலை எந்தக் கம்பியில் அனுப்புவது என்று தீர்மானிக்கும் பெட்டி அது.

பழைய முறையில் அந்தப் பெட்டிகள் பக்கத்துப் பெட்டி சொல்வதை அப்படியே நம்பின. நான் குடியிருந்த வெள்ளவத்தையில் பஸ் தரிப்பிடத்தில் நடப்பதும் அதுதான். காலி வீதியை மறித்துவிட்டார்களாம் என்று ஒருவர் தொடங்குவார். வீதி திறந்து ஒரு மணித்தியாலம் ஆன பிறகும் அந்தச் செய்தி சொன்னவரிடமே சுற்றி வரும், அவரும் பதறுவார். ஒரு கம்பி அறுந்தால் பெட்டிகளும் இப்படித்தான். உனக்கு வழி தெரியும் என்று இது அதை நம்பும், அது இதை நம்பும். இதற்காக நான் பதினொரு பக்கச் சுற்றுநிருபம் ஒன்று எழுதியிருந்தேன். தொலைபேசியில் அறிவித்து, படிவம் நிரப்பி, மூன்று கையெழுத்து வாங்கி, பிறகு புதிய வழியைக் கையால் தட்டச்சு செய்ய வேண்டும். அதற்குள் கிளை பூட்டும் நேரம் வந்துவிடும். ஆனால் ஒழுங்காகப் பூட்டும்.

தெமட்டகொடையிலிருந்து வந்த முஸ்லிம் பெண்ணொருத்தி என் பிரிவில் பொறியியலாளராகச் சேர்ந்திருந்தாள். தகுதிகாண் காலம் முடியும் தறுவாயில், பெட்டிகள் தாமே வழியைக் கணிக்கும் இணைப்பு நிலை முறைக்கு மாறலாம் என்று பணிப்பாளருக்கே எழுதிவிட்டாள். அவர் பரிசோதனைக்கு நாள் குறித்தார். அது பிழைத்தால் வேலை உறுதியாகாது என்றும் முகத்துக்கு நேரே சொன்னார். வீட்டில் உழைப்பவள் அவள் ஒருத்திதான்.

பரிசோதனை என் மேசைக்கு முன்னால் நடந்தது. எந்தக் கம்பியைக் கழற்றுவது என்பதை நான் தெரிவுசெய்ய வேண்டும். கோட்டையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குப் போகும் கம்பியைக் கழற்றினேன். தகவல் பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை வழியாகச் சுற்றிப் போயிருக்க வேண்டும். போகவில்லை. கொட்டாஞ்சேனையை விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்த திரையில் பதில் வரவில்லை என்ற வரியே ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கியது. பணிப்பாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவள் குனிந்து எதையோ தேடினாள்.

"சேர், பம்பலப்பிட்டி முப்பது செக்கனுக்கு ஒருக்காத்தான் வணக்கம் சொல்லுது. வெள்ளவத்தை பத்து செக்கனுக்கு ஒருக்கா. ரெண்டும் ஒரே கணக்கில சொல்லாட்டி ஒண்டையொண்டு அயலாக எடுக்காது. இத யாரு மாத்தின?"

"நான்தான் பிள்ளை. அந்த ரெண்டுக்கும் இடையில உள்ள கம்பிக்குப் பாரம் குறையட்டும் எண்டு சுற்றுநிருபம் அனுப்பினனான்."

பம்பலப்பிட்டிக் கிளை உத்தியோகத்தர் கீழ்ப்படிவுள்ளவர். அன்று காலையே மாற்றிவிட்டார். கோட்டைப் பக்கக் கம்பியால் தகவல் ஓடிக்கொண்டிருந்ததால் ஒருவரும் கவனிக்கவில்லை.

"அப்ப வெள்ளவத்தைக்கு?"

"அந்தப் படிவம் மூண்டாவது கையெழுத்துக்குக் கிடக்கு."

"யாருட கையெழுத்து சேர்?"

"என்ர."

அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். யாருடைய பிழை என்று பணிப்பாளர் அவளைப் பார்த்தே கேட்டார். நான் எழுந்து நின்று, பிழை என்னுடையது, எழுத்திலும் தருகிறேன் என்றேன். என் சேவையில் அப்படியொரு வசனத்தை அதற்குமுன் நான் பாவித்ததில்லை. இன்னொரு தடவை மட்டும் என்றார் அவர்.

பம்பலப்பிட்டியின் எண்ணைத் திருத்தப் படிவம் வேண்டுமா என்று அவள் கேட்டாள். வேண்டாம் என்றேன். முப்பதைப் பத்தாக்கி, கழற்றிய கம்பியைத் திரும்பச் செருகிவிட்டு, திரையில் ஓடியதை ஒவ்வொன்றாகக் காட்டினாள். ஒவ்வொரு பெட்டியும் தன் கம்பிகளைப் பற்றி மட்டும் பேசியது. எனக்கு இன்ன அயல், அந்தக் கம்பிக்கு இவ்வளவு செலவு, அவ்வளவுதான். கேள்விப்பட்டதைச் சொல்லவில்லை. வந்த அறிக்கையை ஒரு சொல்லும் மாற்றாமல் அடுத்ததற்குக் கடத்தியது. அறிக்கையில் தொடரிலக்கம் இருந்தது, பழையது வந்தால் தள்ளிவிட. நான்கு பெட்டிகளிலும் ஒரே வரைபடம் எழுந்தது. அதை வைத்து ஒவ்வொன்றும் தான் நிற்கும் இடத்திலிருந்து குறுகிய வழியைத் தானே கணித்தது. தலைமை அலுவலகத்துப் பெட்டிக்கும் தனி மரியாதை இல்லை.

மறுபடி அதே கம்பியைக் கழற்றினேன். பதில் வரவில்லை என்று இரண்டு வரி வந்தது. பிறகு கொட்டாஞ்சேனை பதில் சொன்னது. ஒருவரும் தொலைபேசியைத் தொடவில்லை, ஒருவரும் கையெழுத்திடவில்லை. வளையத்தின் மற்றப் பக்கத்தால் நகரத்தைச் சுற்றி வந்த அந்தப் பதிலைப் பார்த்தபடி, கம்பியின் நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். பணிப்பாளர் இரண்டு தடவை கூப்பிட்ட பிறகே எனக்குக் கேட்டதாக அவள் பின்னர் சொன்னாள்.

அவளது நியமனத்தை உறுதிப்படுத்தும் படிவத்துக்கும் மூன்று கையெழுத்து வேண்டும். திங்கள் காலை என்னுடையதைப் போட்டு, கோப்புத் தட்டில் வைக்காமல், மாடிப்படியேறி நானே பணிப்பாளரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.